ஹவானா தந்த உபகாரச் சம்பளம்

ஏழை வீட்டுப் பையன் ஒருவனுக்கு வெளிநாட்டில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டால் முதலாளிகளின் பத்திரிகைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கூலிக்காரர் மகன் விமானம் ஏறினான் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தாயும் தகப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் படம். பக்கத்திலேயே பணம் கொடுத்த தர்மப் பிரபுவின் படம், அது மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆறு வருஷம் கழித்து அந்தப் பையன் எங்கே இருக்கிறான், அவனைப் பெற்று வளர்த்த சேரிக்கும் கிராமத்துக்கும் அவன் படிப்பால் என்ன கிடைத்தது என்று அந்தப் பத்திரிகைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பல தேசத்துப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் படிக்க வைக்கும் பள்ளிகள் உலகில் இருக்கின்றன. 1962-இல் பிரிட்டனில் வேல்ஸ் கடற்கரையில் உள்ள பழைய கோட்டை ஒன்றில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அடுத்த வருஷம், 1963-இல், அன்று ஸ்வாஸிலாந்து என்று அழைக்கப்பட்ட நாட்டில் வாட்டர்ஃபோர்ட் பள்ளி தொடங்கிற்று. எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவது குற்றமாக இருந்த காலம். அந்தக் காலத்தில் எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. மண்டேலா சிறையில் கிடந்தபோது அவருடைய பெண்கள் அங்கே படித்தார்கள். அந்தப் பள்ளியை நாம் மதிக்கிறோம். பிற்காலத்தில் இந்த வகைப் பள்ளிகள் ஒரே அமைப்பாகி, 1997-இல் புனே அருகிலும் ஒன்று திறக்கப்பட்டது. உபகாரச் சம்பளம் பெற்று ஏழைப் பிள்ளைகளும் அங்கெல்லாம் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் அவர்களில் பலருக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் சேர இன்னொரு உபகாரச் சம்பளம் காத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு அமெரிக்கக் கோடீஸ்வரர் அதற்கென்றே பணம் போட்டுவருகிறார். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை மாறுகிறது என்பதை யார் மறுப்பார்கள்? மாறட்டும், சந்தோஷம். ஆனால் ஊர்?

இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொன்ன ஒரு நாடு உண்டு. கியூபா.

1998-ஆம் வருஷம் செப்டம்பரில் ஜார்ஜஸ் என்ற சூறாவளி கரீபியன் தீவுகளைச் சூறையாடிற்று. அக்டோபர் கடைசியில் மிட்ச் என்ற மற்றொரு சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கிற்று. ஹாண்டுராஸ், நிகராகுவா நாடுகளில் மலைச்சரிவுகள் கிராமங்களோடு சரிந்தன. மிட்ச் ஒன்றினால் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். கியூபா தன் டாக்டர்களை அனுப்பிவைத்தது. போன டாக்டர்கள் அங்கே கண்டது என்ன? காயம்பட்டவர்களை மட்டுமா? புயல் வருவதற்கு முன்னாலேயே டாக்டர் முகத்தைக் கண்டறியாத கிராமங்களைக் கண்டார்கள். புயல் போய்விடும், வந்த டாக்டர்களும் ஒருநாள் திரும்பிப் போவார்கள், அதற்குப் பிறகு? அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே டாக்டர்களாக்கி அனுப்பினால் என்ன என்று பிடல் காஸ்ட்ரோ கேட்டார். ஹவானாவுக்கு மேற்கே கடற்கரையில் இருந்த கடற்படைப் பயிற்சிக் கழகத்தின் கட்டடங்கள் வகுப்பறைகளாயின. 1999 தொடக்கத்திலேயே மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 15-இல் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி முறைப்படி திறக்கப்பட்டது. போர்க்கப்பல் அதிகாரிகளைப் பயிற்றுவித்த இடத்தில் குழந்தைகளின் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்போது கியூபாவின் நிலைமையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சோவியத் யூனியன் 1991-இல் வீழ்ந்த பிறகு அந்த நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிப்போயிற்று. எண்ணெய் இல்லை, மருந்து இல்லை, பஸ் ஓடவில்லை. ஜனங்கள் சைக்கிளில் போனார்கள். 1992-இல் நம் நாட்டுத் தொழிலாளிகளும் விவசாயிகளும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கோதுமை, 10,000 டன், கப்பலேறி கியூபாவுக்குப் போனதை நம் வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோழர் சுர்ஜித் முன்னின்று நடத்திய வேலை அது. நாம் ரொட்டிக்கு மாவு அனுப்பிய நாடு, ஏழே வருஷத்தில் பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளைச் சோறு போட்டுப் படிக்க வைத்தது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானைப் பூகம்பம் உலுக்கியபோதும் அதே கதைதான். கியூப டாக்டர்கள் குளிரிலும் பனியிலும் கூடாரமடித்து வைத்தியம் பார்த்தார்கள். திரும்பும்போது 1,000 பாகிஸ்தானிய இளைஞர்களுக்கு மருத்துவம் படிக்க இடம் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

உபகாரச் சம்பளம் என்றால் என்ன கொடுத்தார்கள்? ஆறு வருஷப் படிப்புக்குக் கட்டணமில்லை. தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, புஸ்தகம், சீருடை. கைச்செலவுக்கு மாதம் 100 கியூபப் பெசோ. அன்றைய மதிப்பில் 4 டாலர் அளவுக்குத்தான் வரும். ஸ்பானிய பாஷை தெரியாதவர்களுக்கு முதலில் பாஷை சொல்லிக்கொடுத்தார்கள். கிராமத்துப் பள்ளியில் ரஸாயனமும் பௌதிகமும் சரியாகப் படிக்காமல் வந்தவர்களை, தகுதியில்லை என்று துரத்தாமல், ஆயத்த வகுப்பில் உட்காரவைத்துத் தேற்றினார்கள். முதல் இரண்டு வருஷம் ஹவானாவில். பிறகு நாடு முழுவதும் உள்ள மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சொகுசு ஒன்றுமில்லை. ஒரே அறையில் பலபேர், அடுக்குக் கட்டில், அரிசிச் சோறும் பயறும், அவ்வப்போது மின்சாரம் நின்றுபோகும். எந்தச் சீமானும் தன் பிள்ளையை இந்தப் பள்ளிக்கு அனுப்ப ஆசைப்படமாட்டான். அதுவும் நல்லதுக்கே.

பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. படித்து முடித்ததும் டாக்டர் இல்லாத ஜனங்களிடம் திரும்பிப் போக வேண்டும். அதற்குப் பத்திரம் எழுதி வாங்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. வாய் வார்த்தைதான். வாய் வார்த்தையை நம்பி ஆறு வருஷம் செலவழிப்பதா என்று கணக்குப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

முதல் அணி 2005 ஆகஸ்டில் வெளிவந்தது, ஏறக்குறைய 1,600 டாக்டர்கள். அவர்களில் லூதர் காஸ்டிலோ என்ற இளைஞர் ஒருவர். ஹாண்டுராஸின் வடக்குக் கடற்கரையில் வாழும் கரிஃபூனா இனத்தவர். ஆப்பிரிக்கரும் கரீபியத் தீவுகளின் பழங்குடிகளும் கலந்து உண்டான இனம் அது. வெள்ளைக்கார ஆட்சி 1797-இல் அவர்களைச் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து ஹாண்டுராஸ் கரைக்கு எதிரே உள்ள தீவில் தள்ளிவிட்டுப் போயிற்று. அன்று முதல் அவர்கள் மீன் பிடித்தும் மரவள்ளி பயிரிட்டும் வாழ்கிறார்கள். 200 வருஷமாக அவர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. ஹவானாவிலிருந்து திரும்பிய காஸ்டிலோவும் அவருடன் படித்த கரிஃபூனா டாக்டர்களும் தலைநகரத்தில் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளவில்லை. சிரிபோயா என்ற கிராமத்துக்குப் போனார்கள். ஊர் ஜனங்கள் தாங்களே உழைத்து ஆஸ்பத்திரி கட்டினார்கள். 2007 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. ஹாண்டுராஸில் கரிஃபூனா மக்களின் முதல் ஆஸ்பத்திரி அதுதான். வைத்தியத்துக்குக் காசு கிடையாது.

2009 ஜூன் 28-இல் ராணுவம் ஹாண்டுராஸ் ஜனாதிபதி செலாயாவைத் தூக்கி நாடு கடத்திற்று. ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் காஸ்டிலோவும் ஒருவர். மறுவருஷம் ஜனவரியில் ஹெய்ட்டியைப் பூகம்பம் தரைமட்டமாக்கியபோது, பல நாடுகளிலிருந்து இந்தப் பள்ளியில் படித்த டாக்டர்கள் கியூப டாக்டர்களுடன் சேர்ந்து அங்கே வேலை செய்தார்கள், அவரும் போனார். 2022-இல் அமைந்த சர்க்காரில் அவர் விஞ்ஞானத் துறை மந்திரியானார். மந்திரிப் பதவியை நாம் பெரிதாக எண்ணவில்லை. மீனவர் குடிசையில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கு அவளுடைய பாஷையிலேயே பேசும் டாக்டர் கிடைத்தார் என்பதுதான் நமக்குப் பெரிது.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. உலகத்திலேயே பணக்கார நாடான அமெரிக்காவிலிருந்தும் ஏழைப் பிள்ளைகள் இங்கே படிக்க வந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் கியூபா வந்த கறுப்பின காங்கிரஸ் உறுப்பினர்களில் மிஸிஸிப்பியைச் சேர்ந்த பென்னி தாம்ஸனும் ஒருவர். தம் தொகுதியில் டாக்டர் இல்லாத ஊர்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். பிள்ளைகளை அனுப்புங்கள், படிக்க வைக்கிறோம் என்றார் பிடல். அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் படிக்கும் ஒருவன் வெளியே வரும்போது சுமார் 2 லட்சம் டாலர் கடனோடு வருகிறான். கடன்காரன் ஏழைகள் வாழும் தெருவில் எப்படி வைத்தியம் பார்ப்பான்? பணம் இருக்கும் இடத்துக்குத்தான் ஓடுவான். அது அவன் சுபாவக் கோளாறு என்று சொல்ல நாம் தயாரில்லை, கடன் அவனை அங்கே இழுத்துப் போகிறது. 2004-இல் புஷ் சர்க்கார் கியூபப் பயணத் தடையை இறுக்கியபோது இந்த மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டிய ஆபத்து வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே விதிவிலக்குக் கிடைத்தது.

கியூபா இந்த வேலையை 1999-இல் தொடங்கவில்லை. 1977 முதலே அங்கே ஒரு தீவில் ஆப்பிரிக்க நாடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடந்தன. அதற்கு இளைஞர் தீவு என்றே பெயர் சூட்டினார்கள். அரை நாள் வகுப்பு, அரை நாள் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை. 1978 மே 4-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி ராணுவம் அங்கோலாவில் கஸிங்கா என்ற இடத்தில் இருந்த நமீபிய அகதி முகாமின் மீது குண்டு வீசி 600 பேருக்கு மேல் கொன்றது. உயிர் பிழைத்த குழந்தைகள் பலரை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து படிக்க வைத்தார்கள். 1990-இல் நமீபியா விடுதலை பெற்றது. அங்கே படித்தவர்கள் திரும்பிப் போனபோது அவர்களுக்குச் சொந்தமென்று ஒரு நாடு இருந்தது.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். திரும்பியவர்களையும் பல நாடுகளில் டாக்டர் சங்கங்கள் வரவேற்கவில்லை. கியூபப் பட்டம் செல்லாது, மறுபடி பரீட்சை எழுது என்றன. பிரேஸிலில் இதற்காகவே தனிப் பரீட்சை இருக்கிறது. பரீட்சை வைப்பதை நாம் குறை கூறவில்லை. நோயாளியின் உயிர் விளையாட்டுக்கு உரியதல்ல. ஆனால் டாக்டரே இல்லாத ஜில்லாவுக்குப் போகத் தயாராக இருப்பவனை வருஷக்கணக்கில் வாசலில் நிறுத்திவைப்பவர்கள், தாங்கள் அந்த ஜில்லாவுக்குப் போனார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கியூபாவின் நெருக்கடியும் தீரவில்லை. பிற்காலத்தில் கியூப மருத்துவக் கல்லூரிகள் பணம் கட்டிப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கியூப டாக்டர்களே பலர் நாட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள். இதில் அமெரிக்காவின் கை எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006 முதல் 2017 ஜனவரி வரை, வெளிநாடுகளில் தொண்டு செய்யும் கியூப டாக்டர்கள் வேலையை விட்டு ஓடிவந்தால் அமெரிக்காவில் இடம் தருகிறோம் என்று தனித் திட்டமே போட்டு நடத்தினார்கள். புரட்சி வென்ற 1959-இல் கியூபாவில் இருந்த டாக்டர்கள் சுமார் 6,000 பேர். அடுத்த சில வருஷங்களில் அவர்களில் பாதிப்பேர் மயாமி பக்கம் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் உட்கார்ந்து அழவில்லை, வகுப்பு எடுத்தார்கள். டாக்டர் ஓடிப்போனால் ஊர் என்ன பாடுபடும் என்பதைப் பட்டு அறிந்தவர்கள் தொடங்கிய பள்ளி இது. 2024-இல் அதற்கு 25 வருஷம் நிறைந்தபோது, 100-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 30,000-க்கும் அதிகமான டாக்டர்கள் அங்கே படித்து வெளிவந்திருந்தார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. பிரேஸிலில் நிலமற்ற தொழிலாளர் இயக்கம் 1984 முதல் இயங்கிவருகிறது. தரிசாகப் போட்டிருக்கும் பெரும் பண்ணைகளில் புகுந்து குடிசை போட்டுப் பயிர் செய்து, நிலத்துக்காகப் போராடுகிறவர்கள். அவர்களுடைய முகாம்களிலிருந்தும் பிள்ளைகள் ஹவானாவுக்குப் படிக்கப் போனார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது தர்மப் பிரபுவோ, கம்பெனி அதிகாரியோ அல்ல. இயக்கமே தேர்ந்தெடுத்து அனுப்பிற்று. யாருடைய பெண், எந்த முகாமில் வளர்ந்தவள், ஜுரம் வந்தால் எத்தனை மைல் நடந்து போனார்கள் என்பதெல்லாம் அனுப்பியவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அவளை எதிர்பார்த்து நிற்பதும் அதே ஜனங்கள்தான்.

கியூபாவின் மீதான அமெரிக்கப் பொருளாதார முற்றுகையை நீக்கச் சொல்லி ஐக்கிய நாடுகள் சபை 1992 முதல் மீண்டும் மீண்டும் பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேற்றிவந்திருக்கிறது. மருந்தும் ஊசியும் மின்சாரத்துக்கு எண்ணெயும் கியூபத் துறைமுகத்துக்குப் போகவிடாமல் தடுக்கும் முற்றுகை அது. கோதுமை சேர்த்து அனுப்பிய நம் சங்கங்களின் ஒவ்வொரு கிளையும் கூட்டம் போட்டு இதைப் பற்றிப் பேச வேண்டும். முற்றுகையை எதிர்த்துத் தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்ப வேண்டும். சிரிபோயா ஆஸ்பத்திரியின் கதையை ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் வாசித்துக் காட்டுங்கள்.