‘மற்றவை’ டப்பாவில் ஒரு நாதஸ்வரம்

பழைய பாட்டிலிருந்து குரலை மட்டும் உருவி, “மியூசிக் இல்லாத ஒரிஜினல் வாய்ஸ்” என்று யாராவது போட்டால் உடனே பகிர்கிறோம். நானும் பகிர்ந்திருக்கிறேன். இப்போது அந்த ‘ஒரிஜினல்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

விஷயம் பள்ளிக்கூடக் கணக்குதான். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை பத்து. அவை எந்த எண்கள்? ஆறும் நாலுமா, ஏழும் மூணுமா? இன்னொரு சமன்பாடு இல்லாமல் சொல்ல முடியாது. ஒலிப்பதிவில் ஒவ்வொரு மைக்கும் ஒரு சமன்பாடு. நாலு பேர் வாசிக்கிறார்கள், நாலு மைக் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது என்றால் கணக்குக்கு வழி உண்டு. மோனோ பதிவில் கடைசியில் நம் கைக்கு வருவது ஒரே ஒரு அலை. அதை நால்வராகப் பிரிக்க எண்ணற்ற விடைகள். அவற்றில் எது சரி என்று அந்த அலை சொல்லாது. நாம்தான் ஊகித்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஊகம் கெட்ட வார்த்தை இல்லை. ஜான் லெனன் 1970களின் கடைசியில் வீட்டில் கேசட்டில் பதிந்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டில் பியானோ குரலை அமுக்கிக்கொண்டிருந்தது. 1995இல் முயன்று கைவிட்டார்கள். குரலும் பியானோவும் எப்படி ஒலிக்கும் என்று பழகிய மென்பொருள் வந்தபின், 2023இல் பாட்டு வெளியானது. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் மென்பொருள் எதைக் கேட்டுப் பழகியது? இந்தத் துறையில் எல்லோரும் எடுத்தாளும் தரவுத்தொகுப்பு மியூஸ்டிபி18. அதில் 150 பாடல்கள், பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். பிரிவுகள் நாலே நாலு: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. நாதஸ்வரத்தை இதில் எங்கே வைப்பீர்கள்? வீணையை? ‘மற்றவை’யில்தான். குரலைப் போலவே வளைந்து குழையும் நாதஸ்வரம் பாடகரின் பக்கம் போய் ஒட்டிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. தகவல் போதாத இடத்தை முன்முடிவு நிரப்புகிறது. அந்த முன்முடிவு நம் மேடையிலிருந்து வந்ததில்லை.

“அட, கேக்க நல்லாத்தானே இருக்கு?” என்பார்கள். கேட்டு ரசிக்கப் போதும். ஆவணத்துக்குப் போதாது, நீதிமன்றச் சாட்சியத்துக்குச் சுத்தமாகப் போதாது. தெளிவாகக் கேட்பதெல்லாம் நடந்ததாகிவிடாது. மங்கலாக இருந்தபோதாவது நமக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது அதுவும் போய்விடுகிறது.

நான் தடை கேட்கவில்லை. பிரியுங்கள், கேளுங்கள், பகிருங்கள். ‘ஒரிஜினல்’ என்று மட்டும் போடாதீர்கள், ‘மதிப்பீடு’ என்று போடுங்கள். எந்த மென்பொருள் பிரித்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். முக்கியமாக, இரைச்சலும் கரகரப்புமாக இருக்கிற அந்தப் பழைய நாடாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு நாதஸ்வரம் தெரிந்த ஒரு மென்பொருள் வரலாம். அது வந்து கேட்பதற்கு அந்த ஒரே அலையாவது மிச்சம் இருக்க வேண்டும்.