பெயர் தெரியவில்லை

முனைவர்ப் பட்ட ஆய்வு மாணவர் ஒருவர் சென்ற மாதம் தம் ஆய்வேட்டின் ஓர் இயலைக் கொண்டுவந்து காட்டினார். பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் ‘மாட்டு’ என்று சொல்லி, தொலைவில் கிடக்கும் அடிகளை இழுத்து இணைத்துப் பொருள் கொள்ளும் முறையைப் பற்றியது. அடிக்குறிப்பு ஒன்றில் இணைய முகவரியும் அதனெதிரே ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்பும் இருந்தன. மேற்கோளைப் படித்ததும் எனக்குத் திகைப்பு. என் நெடுநாள் நண்பர் எழுதிய கட்டுரை அது. “தேடிப் பார்த்தேன் ஐயா, இது ஒன்றுதான் கிடைத்தது” என்றார் மாணவர்.

அவர் மீது பிழையில்லை. நானும் தேடினேன். முன்பெல்லாம் முதலில் வந்து நிற்கும் நண்பரின் பக்கம் எங்கும் தென்படவில்லை. அதன் இடத்தில் வேறொரு தளம் இருந்தது. கட்டுரையை அப்படியே எடுத்து, தலைப்பை மாற்றி, பெயரை நீக்கிப் போட்டிருந்தார்கள். என் குறிப்பேட்டில் இருந்த பழைய முகவரியை நேரே இட்டபோதோ மூலக் கட்டுரை முன்போலவே திறந்தது. ஒரே எழுத்து இரண்டு இடங்களில் இருந்தால் தேடுபொறி பெரும்பாலும் ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும். எது மூலம், எது படி என்பதை அது எப்போதும் சரியாக அறிவதில்லை.

நண்பர் இதைத் துக்கச் செய்திபோல் வாங்கிக்கொண்டார். “இனி எழுதி என்ன, எழுதாவிட்டால் என்ன” என்றார். இந்தத் துக்கத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தரவரிசையை நாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சர்ச் கிங் என்னும் நிறுவனம், தன் தர எண்ணை வேண்டுமென்றே குறைத்துவிட்டதாகக் கூகிள்மீது 2002இல் வழக்குத் தொடுத்தது. (தர எண் உயர்ந்த தளங்களில் விளம்பரச் சுட்டிகளுக்கு இடம் பிடித்துத் தரும் தரகு அதன் தொழில்களில் ஒன்று, எனவே அதன்மேல் பெரிதாக இரக்கம் கொள்ள வேண்டியதில்லை.) வேண்டுமென்றே குறைத்தது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்ட பிறகும், 2003இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தர எண் என்பது ஒரு கருத்து, கருத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நீதிமன்றமே கருத்து என்று சொன்ன ஒன்றை எழுதுகிறவன் விதியென்று கொள்ள வேண்டுமா? நம் நூலைப் பற்றி ஒரு திறனாய்வாளர் வாய் திறக்காவிட்டால் வருந்துவோம். நூலையே கொளுத்திவிட மாட்டோம்.

நண்பர் சற்றுத் தேறிய பிறகு வேறொரு ஆறுதலைக் கண்டுபிடித்தார். “குறுந்தொகையில் செம்புலப்பெயனீராருக்கு இயற்பெயர் என்ன என்று யாருக்குத் தெரியும்? பாட்டின் தொடரே பெயராயிற்று. என் கட்டுரையும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.” கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு வேறு, ஆய்வுக் கட்டுரை வேறு. பாட்டுக்கு யாரும் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரைக்கு வேண்டும். நண்பர் தம் கட்டுரையில் ஓர் அடியெண்ணைத் தவறாகக் குறித்திருந்தார். ஓராண்டு கழித்துத் தாமே கண்டு திருத்தினார். களவாடப்பட்ட படியில் பழைய பிழை அப்படியே இருக்கிறது. மாணவரின் இயலிலும் அதே பிழை ஏறியிருந்தது. பெயர் போனதைவிட எனக்கு உறைத்தது இதுதான்.

செய்யக்கூடியவை சில உண்டு. பக்கம் தேடுபொறியின் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டதா, பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. தேடுபொறியை உள்ளே வராதே என்று தடுக்கும் ஒற்றை வரி, தளத்தைச் சீரமைத்தவரின் கவனக்குறைவால் தங்கிவிடுவதும் உண்டு. நம்மவர் பலருக்கு இன்னொரு காரணமும் பொருந்தும்: பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு, ஒருங்குறிக்கு மாற்றாமலே விட்ட கட்டுரைகள். அவற்றை மறைத்தது நாமேதான். படியெடுத்தவர்மீது, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே கூகிளிடம் முறையிடலாம். படி நீங்கினாலும் மூலம் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது.

செய்யக்கூடாததும் ஒன்றுண்டு. பத்திக்குப் பத்தி ‘நச்சினார்க்கினியர் உரை’ என்ற தொடரைத் திணித்து எழுதச் சொல்லி நண்பருக்கு ஒருவர் அறிவுரை கூறினாராம். பொறிக்காக எழுதிய பக்கம் மனிதர் படிக்கத் தக்கதாக இராது. பொறிக்கும் அது பிடிப்பதில்லை. பிஎம்டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளம், பொறிக்கென்று தனிப் பக்கங்களை ஒளித்து வைத்ததற்காக, 2006 பிப்ரவரியில் கூகிள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அவற்றை அகற்றிய பிறகே மீண்டது. பெருநிறுவனத்துக்குச் சில நாளில் கதவு திறந்தது. தனியாள் எழுதும் தமிழ்த் தளத்துக்கு யார் திறப்பார்?

தற்செயலாய் வந்து சேரும் வாசகரை இழப்பது உண்மையான இழப்புத்தான். அதை நான் மறுக்கவில்லை. அக்கட்டுரையைப் படித்துவிட்டு முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை நண்பர் இன்றும் வைத்திருக்கிறார். அப்படியொரு கடிதம் இனி வராமற்போகலாம். ஆனால் அறிந்தவர் அறியாதவருக்கு முகவரியைக் கைமாற்றித் தருவது நம் கையில்தானே இருக்கிறது? ஆய்வேட்டில், கட்டுரையில், வகுப்பில் ஆசிரியர் பெயர், தலைப்பு, முகவரி, பார்த்த நாள் ஆகிய நான்கையும் சொல்லிவிட்டுப் போகலாம். இண்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு படி சேர்த்துவைக்கலாம். அங்கும் முகவரி தெரிந்தால்தான் எளிதில் எடுக்க முடியும்.

மாணவர் அடிக்குறிப்பைத் திருத்திவிட்டார், அடியெண்ணையும் சேர்த்து. நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மதுரைக்காஞ்சி மேற்கோளிலும் தமக்கு ஓர் ஐயம் இருப்பதாகவும், மாணவரை ஒருமுறை பேசச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.