ஆபரேஷன் ஒரு துளை, ஷூ நாலு வருஷம்

மின்னி பேயில் எங்க குடியிருப்பில் ஒரு பாப்பா பிறந்து ரெண்டு வாரம் ஆகுது. ரெண்டு பாதமும் உள்பக்கமா மடங்கியிருக்கு. ஊரிலிருந்து போன் மேல போன்: "உடனே சென்னைக்குத் தூக்கிட்டு வாங்க, பெரிய டாக்டரிடம் ஆபரேஷன் பண்ணிடலாம்."

எனக்கு இதில் உடன்பாடு இல்லைங்க. ஏன்னு சொல்றேன்.

இதுக்கு கிளப் ஃபுட்னு பேர். சுமார் 1000 குழந்தைகளில் ஒண்ணுக்கு வரும். முன்னெல்லாம் பாதத்தையே திறந்து பெரிய ஆபரேஷன் செய்வாங்க. வளர்ந்த பிறகு பல பேருக்கு அந்தப் பாதம் விறைச்சுப்போய் வலிக்கும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி வேற வழி காட்டினார். வாரம் ஒரு தடவை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டு. இப்படி அஞ்சாறு கட்டு. பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு, குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணை ஒரு சின்னத் துளை வழியா வெட்டி விடுவாங்க. மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். மூணு வாரக் கட்டுக்குள் அது நீண்டு வளர்ந்து சேர்ந்துடும்.

"அவ்வளவுதானா, முடிஞ்சுதா?"ன்னு கேப்பீங்க. அங்கதான் ஆரம்பமே. கம்பியில் பொருத்தின ஷூவை முதல் மூணு மாசம் நாளுக்கு 23 மணி நேரம் போடணும். அப்புறம் தூங்கும்போது மட்டும், நாலஞ்சு வயசு வரை. பாதம் மறுபடி மடங்குறதுக்கு முக்கியக் காரணமே இந்த ஷூவை விட்டுடறதுதான்.

சென்னைக்குக் கப்பலில் கிட்டத்தட்ட மூணு நாள். பிளேன்னா பணம். வாராவாரம் கட்டு மாத்த யார் போறது? அம்மாவும் குழந்தையும் ரெண்டு மாசம் அங்கே, அப்பா இங்கே. திரும்பி வந்த பிறகு ஷூ சின்னதாயிட்டா என்ன செய்றது?

அதனால முதல்ல இங்கே ஜி.பி. பந்த் மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பாருங்க. பொன்செட்டி முறை செய்றாங்களா, ஷூ எங்கே கிடைக்கும்னு கேளுங்க. 2013-ல் மத்திய அரசு தொடங்கின குழந்தைகள் நலத் திட்டத்தில் (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) கிளப் ஃபுட்டும் உண்டு, சிகிச்சை இலவசம். சென்னைக்குத்தான் போகணும்னு டாக்டரே சொன்னா தாராளமா போங்க. ஆனா திரும்பி வந்து இங்கே யாரிடம் காட்டறதுன்னு கேட்டு வச்சுக்கிட்டுக் கிளம்புங்க.

ஊரில் இருக்கிற பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை அழுதா "பாவம், கழட்டி விடு"ன்னு போனில் சொல்லாதீங்க. ஆபரேஷன் ஆச்சான்னு ஒரு தடவை கேட்டாப் போதும். ராத்திரி ஷூ போட்டாச்சான்னு தினமும் கேளுங்க.