வைஃபை வரலையா? பூட்டு எங்கே என்று பாருங்கள்!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அப்போது வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. திண்டுக்கல், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் அக்கா பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப்பைத் தம்பி பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறான். விண்டோஸ் தவழ்கிறதே என்று புது லினக்ஸ் போட்டால் வேகம் வந்துவிடுகிறது. வைஃபை மட்டும் வரவில்லை. 'போர்டு போச்சு' என்று மறுபடியும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். பல சமயம் எதுவுமே கெட்டிருக்காது. எங்கோ ஒரு பூட்டு விழுந்திருக்கும். பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊருக்குத் திறக்கத் தெரியாதா என்ன!

கீபோர்டில் ஒரு பூட்டு: மேல் வரிசையில் ஆன்டெனா அல்லது விமானப் படம் போட்ட பட்டன் இருக்கும். எஃப்என் பட்டனோடு சேர்த்து அதை ஒருமுறை அழுத்துங்கள். சில மாடல்களில் பக்கவாட்டில் சின்ன ஸ்விட்சும் உண்டு. செட்டிங்ஸில் ஏரோபிளேன் மோடு ஆஃப் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செட்டிங்ஸில் வைஃபையே காணோமா? வைஃபை சிப் இயங்க 'ஃபர்ம்வேர்' என்ற குட்டி மென்பொருள் தேவை. அதன் மூல நிரலைச் சிப் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதனாலேயே டெபியன் லினக்ஸ் அதை இன்ஸ்டாலரில் சேர்க்காமல் இருந்தது. 2023 ஜூனில் வந்த 12-ம் பதிப்பில்தான் சேர்த்தது. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். இதற்குச் சாவி உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்தான். சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே லேப்டாப்புக்குப் போகும். மொபைல் டேட்டா செலவாகாது. பிறகு உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, அது காட்டும் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம்முடையது தெரியவில்லையா? பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிபடும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் பெயரே தெரியாது. 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள்.

கனெக்ட் ஆகியும் இணையதளம் திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள். பல வருடம் பரணில் கிடந்ததில் போர்டிலுள்ள பட்டன் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கலாம். தேதி தப்பாக இருந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. தேதியைத் திருத்தினாலே போதும்.

இத்தனைக்கும் மசியவில்லையா? யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகலாம். 'லினக்ஸில் ஓடுமா?' என்று கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.