சிமென்ட்டில் சாம்பல்... கலப்படமா? குறை மூட்டையில் இல்லை, சைட்டில் இருக்கிறது!

“பிபிசி வேணாம் சார், அதுல சாம்பல் கலந்திருக்கு. ஓபிசியே வாங்கிடுங்க!”

லோன் போட்டு முதல் வீடு கட்டும் பலரும் சைட்டில் கேட்கும் அட்வைஸ் இது. சாம்பல் கலந்திருப்பது உண்மைதான். ஆனால், அது கலப்படம் இல்லை.

அது என்ன சாம்பல்?

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியைப் பொடியாக்கி எரிக்கும்போது, புகையோடு மேலே போகும் நுண்துகள்களைப் பிடித்துச் சேர்ப்பார்கள். அதுதான் ‘ஃப்ளை ஆஷ்’. பிபிசி சிமென்ட்டில் இது 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது ஐஎஸ் 1489 தர விதி.

உள்ளே என்ன நடக்கிறது?

சிமென்ட்டில் தண்ணீர் சேர்ந்ததும் ஒட்டும் பசையோடு கொஞ்சம் சுண்ணாம்பும் உருவாகிறது. இந்தச் சுண்ணாம்பால் பலம் எதுவும் கூடாது. சாம்பலில் உள்ள சிலிக்கா, அதையும் மெல்ல மெல்லப் பசையாக மாற்றிவிடுகிறது. இதனால் கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுவது தாமதமாகும். கடலோர ஊர்களுக்கு இது பெரிய பிளஸ்.

சூழலுக்கும் லாபம் உண்டு. சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கரை, சுண்ணாம்புக்கல்லை சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டுத் தயாரிக்கிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. சாம்பல் சேர்ந்தால் கிளிங்கர் குறையும்.

இன்னொன்று, எண்ணூர். அங்கே அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. சுவருக்குள் போகும் சாம்பல் ஆற்றுக்குப் போகாது.

அப்போ மேஸ்திரி சொல்வது பொய்யா?

முழுப் பொய் இல்லை. சாம்பல் வேலை செய்ய நாளாகும், ஈரமும் வேண்டும். அதனால் பிபிசி ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஓபிசி கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் கான்கிரீட்டை 10 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது ஐஎஸ் 456. வறண்ட, வெப்பமான சூழலில் கலப்பு சிமென்ட்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது.

மூணாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, சென்ட்ரிங்கையும் அவசரமாகப் பிரித்தால்? விரிசல் விடும். பழி மட்டும் சாம்பல் மேல் விழும்.

அதேநேரம், ஏற்கெனவே சாம்பல் இருக்கும் பிபிசியில் காசு மிச்சம் பிடிக்க மேலும் சாம்பலைக் கண்ணளவில் கொட்டினால், அதற்குப் பெயர் கலப்படம்தான்.

என்ன செய்யலாம்?

சாம்பல் எத்தனை சதவீதம் என்பது பிபிசி மூட்டையிலேயே அச்சாகி இருக்கும். அதைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. நம் வீட்டு ஒப்பந்தங்களில் சதுர அடி ரேட்டுக்கு மணிக்கணக்கில் பேரம் நடக்கிறது. எத்தனை நாள் தண்ணீர் விடுவது, அது யார் பொறுப்பு, சென்ட்ரிங் என்றைக்குப் பிரிப்பது என்பதெல்லாம் வாய்ப்பேச்சோடு போய்விடுகிறது. எழுதி வாங்க வேண்டியது அதைத்தான். சிமென்ட்டை மாற்றுவதற்கு முன், சைட்டின் பழக்கத்தை மாற்றுவதே வீட்டுக்கு நல்லது.