லே என்று சொன்னால் தப்பா?



போன வாரம் எங்கள் வகுப்புக் கரும்பலகை ஓரத்தில் ஒரு புதுப் பட்டியல் வந்தது. வழக்கமாக "பேசியவர்கள்" என்றுதான் எழுதுவார்கள். இந்தத் தடவை "லே சொன்னவர்கள்" என்று எழுதியிருந்தது. ஒரு பீரியட் முடிவதற்குள் 23 பேர் பெயர் வந்துவிட்டது. என் பெயர் நாலாவது. பெயர் எழுதின லீடரே "ஏலே, சாக்பீஸ் தீந்துட்டுலே" என்று சொல்லிவிட்டதால், கடைசியில் அவன் பெயரை அவனே எழுதிக்கொண்டான்.

ஒரு பெண் "நோட்டு வீட்டிலே இருக்கு" என்று சொன்னதற்கும் பெயர் எழுதிவிட்டான். அந்த லே வேறு, இந்த லே வேறு. அது 'இல்' என்னும் வேற்றுமை உருபோடு ஏகாரம் சேர்ந்தது. அந்தப் பெயரை மட்டும் அழிக்கச் சொன்னோம். எல்லோரும் நல்லா சிரித்தோம்.

ஆனால் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை பேர் இத்தனை தடவை சொல்கிற சொல், எப்படிக் கெட்ட சொல்லாக இருக்க முடியும்? அதனால் மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு, லே எங்கெல்லாம் வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

காலையில் பக்கத்து வீட்டு அத்தை மகனை எழுப்புகிறாள். "ஏலே, எந்திரிலே." இது எழுப்புகிற லே. அவன் எந்திரிக்கவில்லை என்றால் பத்து நிமிஷம் கழித்து "ஏலேய்ய்!" என்று நீட்டுவாள். இது அடி வரப்போகுது என்கிற லே.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் "என்னலே!" சௌக்கியமா என்று அர்த்தம். அதையே மூக்கை விடைத்துக்கொண்டு "என்னலே?" என்றால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். நம்ப முடியாத செய்தி சொன்னால் "போலே". கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தால் வெறும் "எலே!" கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்து ஒருத்தன் அழுதால், "விடுலே, அடுத்த பரீட்சையில பாத்துக்கிடலாம்." இது ஆறுதல். கடலில் வலை இழுக்கிறவர்கள் "ஏலேலோ" என்று பாடும்போது கேளுங்கள், அதுக்குள்ளேயும் ஒரு லே கேட்கும்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு துக்க வீடு. அந்த வீட்டு அண்ணனின் கூட்டாளி வந்தார். அவர் தோளில் கையை வைத்து "ஏலே..." என்றார். அவ்வளவுதான். அதுக்கு மேலே அவருக்கும் பேச்சு வரவில்லை, இவருக்கும் வரவில்லை. இரங்கற் கடிதம் எழுத ஒரு பக்கம் வேண்டும். இங்கே ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஏட்டி, ஏளா என்று தனியாக இருக்கிறது. "என்னட்டி, சாப்பிட்டியா?" என்றுதான் ஆச்சி கேட்பாள். ஆனால் நாங்கள் தோழிகளுக்குள் லே என்றுதான் பேசுகிறோம். "பொட்டப்புள்ள லே போட்டுப் பேசலாமா?" என்று ஆச்சி சத்தம் போடுவாள். நான் ஆச்சிக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். திருப்பாவை 15-ஆம் பாட்டில் தூங்கும் தோழியை எழுப்பும் முதல் சொல் 'எல்லே'. ஒரு பெண் இன்னொரு பெண்ணை உரிமையோடு கூப்பிடுகிற சொல் அது. ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்கு ரொம்பத் தூரமும் இல்லை.

நம்ம பேச்சு வழக்கு மட்டமானது இல்லை என்று சொல்ல நம்ம மாவட்டத்திலேயே ஆள் உண்டு. கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், சனங்கள் பேசுகிற சொற்களைச் சேர்த்து 1982-இல் ஒரு சொல்லகராதியே வெளியிட்டார். கரிசல்காட்டுப் பேச்சிலேயே கதை எழுதிய அவருக்கு 1991-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஆகவே லே என்ற சொல்லுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. சினிமாவில் அரிவாளைத் தூக்குகிறவன்தான் ஏலே என்கிறான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தால், அது சினிமாவின் குற்றம்.

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் நோட்டில் இன்னும் ஒரு லே பாக்கி இருக்கிறது. அதை மறைத்தால் நான் எழுதியது உண்மை ஆகாது.

என் அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறாங்க. கோடை லீவில் ஒரு நாள் நான் சோறு கொண்டு போனேன். அப்பா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டு இருந்தாங்க. அப்போது கங்காணி கூப்பிட்டார். எங்கள் பெரியப்பா மகன் வயசுதான் இருக்கும். "ஏலே, இங்க வா." அப்பா உடனே பலகையைப் போட்டுவிட்டு ஓடினாங்க. என் அப்பாவுக்கு 46 வயது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா திரும்பி வந்து, கூட வேலை பார்க்கும் மாமாவைப் பார்த்து, "ஏலே, எம்புள்ள சோறு கொண்டு வந்துட்டா, வாலே சாப்பிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டாங்க. அரைமணி நேரத்துக்குள் ஒரே சொல்லை இரண்டு தடவை கேட்டேன். ஒன்றில் உப்பு எரிந்தது. ஒன்றில் சோறு ருசித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, "ஏன்ப்பா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன். அப்பா, "நான் திருப்பிச் சொல்ல முடிஞ்ச லேன்னா அது கூட்டாளி லே. திருப்பிச் சொல்ல முடியலன்னா அது வேற" என்றாங்க. வேறொன்றும் சொல்லவில்லை.

இதற்கு மேல் நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. திருப்பிச் சொல்ல முடியுமா? அதுதான் கேள்வி. நம்ம பக்கத்தில் சாதியைப் பார்த்து, செய்கிற தொழிலைப் பார்த்து, நரைத்த தலையையும் லே போட்டுக் கூப்பிட்ட வழக்கம் இருந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. நானும் யோக்கியம் இல்லை. எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வருகிற தாத்தாவை என் தம்பி ஒரு நாள் "ஏலே" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் அவனைத் தடுக்கவில்லை. அந்தத் தாத்தாவும் சிரித்தார். இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்பு சிரிப்பாகவே தெரியவில்லை.

பரீட்சைத் தாளிலும், ஆபீசுகளிலும், மேடையிலும் எழுத்துத் தமிழ் வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது சரிதான். அதை நாங்கள் படித்துக்கொள்கிறோம். ஆனால் கரும்பலகைப் பட்டியலால் பயன் இல்லை. அதில் விளையாட்டாகச் சொன்னவன் பெயர் இருக்கிறது. பெரியவர் மனசை நோகடித்தவன் பெயர் இல்லை.

அதனால் லீடருக்கு என் வேண்டுகோள்: "லே சொன்னவர்கள்" பட்டியலை அழித்துவிடு. அதற்குப் பதிலாக நாமே ஒரு விதி வைத்துக்கொள்வோம். நம்மைத் திருப்பி லே சொல்ல முடியாத யாரையும் நாமும் லே சொல்ல வேண்டாம். குப்பை எடுக்கும் தாத்தாவுக்கும், சத்துணவு ஆயாவுக்கும், பஸ் கண்டக்டருக்கும் இது பொருந்தும். நாளைக்கு நம்மில் யாராவது கங்காணி ஆனாலும் அதிகாரி ஆனாலும் அப்போதும் பொருந்தும்.

நான் என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் "தாத்தா, குப்பை வாளி இந்தா இருக்கு" என்றான். தாத்தா அவன் தலையைத் தடவி, "நல்லா இருலே" என்றார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
முத்தையாபுரம்.