வியப்பை அறிவியல் கொல்வதில்லை

இலையில் ஆன்மாவின் சாயலைத் தேடும் மனமும், அந்த இலை எப்படித் தோன்றியது என்று ஆராயும் அறிவும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் கடைசி ஆண்டுகள் இந்த நம்பிக்கையை மறுக்கின்றன. 1836-இல் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் வெளியிட்ட ‘இயற்கை’ நூலின் தாக்கத்தில், இயற்கைக்குள் ஆன்ம உண்மையைத் தேடிய கடந்தநிலைவாதி அவர். 1860-இன் தொடக்கத்தில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலை ஊன்றிப் படித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், தன் ஊரான கான்கார்டில் நடந்த வேளாண் கண்காட்சியில் உரையாற்றினார். பைன் காட்டை வெட்டிய இடத்தில் ஓக் முளைப்பது தானாக நிகழும் அற்புதமல்ல, அணில்களும் பறவைகளும் கொண்டுவந்து சேர்த்த விதைகளின் விளைவு என்று சான்றுகளோடு விளக்கினார். 1862-இல் இறக்கும்போது, விதைப்பரவல் பற்றிய அவருடைய பெரிய கையெழுத்துப்படி முற்றுப்பெறாமல் இருந்தது. 1993-இல்தான் அது நூலாக வெளிவந்தது.

டார்வின் சொல்லும் இயற்கைத் தேர்வுக்கு நோக்கமில்லை, கடந்தநிலைவாதமோ இயற்கையில் நோக்கத்தைக் காண்கிறது, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கோட்பாட்டளவில் இந்த முரண் உண்மையானது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் இயற்கைக் கட்டுரை என்பது கோட்பாட்டு விளக்கம் அல்ல, கவனித்தலின் பதிவு. எழுத்தில் ‘நான்’ நுழைந்தால் புறநிலை கெடும் என்பது அடுத்த மறுப்பு. தான் பார்த்ததை நாளும் இடமும் குறித்து எழுதும் ‘நான்’ சான்றைப் பலப்படுத்துகிறது. செடிகள் பூக்கும் காலம் பற்றிய தோரோவின் குறிப்புகளைக் காலநிலை மாற்ற ஆய்வாளர்கள் இன்று பயன்படுத்துவதே இதற்கு நிரூபணம். நம் இயற்கை எழுத்தும் வியப்பையும் சான்றையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.